1 மெகாவாட் சோலார் நிலையத்தால் என்ன மாறிவிடும்?

"எங்கள் ஊருக்கு வெளியே 1 மெகாவாட் சோலார் நிலையம் வரப்போகிறது. ஆயிரம் வீடுகளுக்கு மின்சாரம் என்கிறார்கள். பல நூறு மெகாவாட்டில் பெரிய பூங்காக்கள் இருக்கும்போது இந்தச் சின்ன நிலையத்தால் என்ன மாறிவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று கணக்கு: அந்த ஆயிரம் வீடு உண்மைதானா? இன்னொன்று கொஞ்சம் கனமானது: பெரிய நிலையத்தில் யூனிட் மலிவாகக் கிடைக்கிறது என்றால், சிறிய நிலையம் எதற்கு? நான் மின் பொறியாளன். 100 கிலோவாட் முதல் 5 மெகாவாட் வரையிலான நிலையங்களை வடிவமைப்பதும், பழுது வந்தால் போய்ப் பார்ப்பதும் 16 ஆண்டுகளாக என் வேலை. நிலச் சட்டமும் கடன் ஏற்பாடும் என் துறை இல்லை என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் கணக்கு. 1 மெகாவாட் என்பது சோதனைக்கூடச் சூழலில் அந்தப் பேனல்கள் எல்லாம் சேர்ந்து தரும் அளவு. சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழ வேண்டும், பேனலுக்குள் இருக்கும் செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்க வேண்டும். வெயில் நாடுகளில் இந்த இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். ஒளி 1,000 வாட்டை எட்டும் நண்பகலில் செல் 60, 65 டிகிரியில் தகித்துக்கொண்டிருக்கும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் உற்பத்தி குறைகிறது. 40 டிகிரி ஏறினால் 14 சதவீதம் போய்விடும். வெயில் கொளுத்தக் கொளுத்த சோலாருக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது ஒளி மட்டும்தான், சூடு அதற்குக் கெடுதல். நான் பார்த்த நிலையங்களில் மீட்டர் உச்சத்தைத் தொட்டதெல்லாம் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வானம் கழுவிவிட்டது போல் இருக்க, காற்று வீசிக்கொண்டிருந்தபோதுதான்.

சூடு, தூசி, கம்பியிலும், பேனலின் மின்சாரத்தை ஊர் கம்பிக்கு ஏற்றபடி மாற்றும் இன்வர்ட்டரிலும் போகும் இழப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், வெயில் நன்றாக அடிக்கும் இடத்தில் 1 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 லட்சம் யூனிட் தரும். ஜெர்மனி போன்ற வடக்கு நாட்டில் அதே நிலையம் 10 லட்சத்தை ஒட்டி நிற்கும். 15 லட்சத்தை 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 4,100 யூனிட். ஒரு வீடு நாளுக்கு 4 யூனிட் செலவழித்தால் ஆயிரம் வீடு என்பது சரி. 10 யூனிட் செலவழித்தால் 410 வீடுதான். ஆக, உங்களிடம் சொன்னது பொய்க் கணக்கு இல்லை, ஆனால் அது ஆண்டு முழுவதையும் கூட்டிப் போட்ட கணக்கு. இரவு 8 மணிக்கு அந்த ஆயிரம் வீட்டில் ஒரு பல்புகூட இந்த நிலையத்தால் எரியாது. ராப்பகலாக முழுத் திறனில் ஓடினால் வரக்கூடிய 24,000 யூனிட்டில் நாம் பெறுவது 17 சதவீதம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சூரியனை நம்பி நடக்கும் எந்த நிலையத்துக்கும், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இதுதான் இயல்பு.

அந்த 15 லட்சம் யூனிட் எதை மாற்றுகிறது என்பதுதான் அடுத்து. அது எந்த அனல் மின் நிலையத்தையும் மூடவைக்காது. பகலில் அந்த அனல் நிலையம் எரிக்க வேண்டிய நிலக்கரியைக் கொஞ்சம் குறைக்கும். பருவநிலை மாற்றம் பற்றி ஐநா அமைத்த ஐபிசிசி குழு 2014இல் ஒரு கணக்கு தந்தது. சுரங்கம் தோண்டுவது, ஆலையில் செய்வது, கடைசியில் கழித்துக் கட்டுவது வரை எல்லாவற்றையும் சேர்த்து, நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு 820 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வாயுவை விடுகிறது. தரையில் நிறுவிய சோலார் 48 கிராம். இரண்டுமே நடுமதிப்புகள். பேனல் செய்யும் முறை அதற்குப் பிறகு நன்றாக முன்னேறியிருக்கிறது. உங்கள் நிலையம் தரும் ஒவ்வொரு யூனிட்டும் ஒரு நிலக்கரி யூனிட்டுக்குப் பதிலாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 1,150 டன் மிச்சம். நீர்மின்சாரம் மிகுந்த ஊரில் அதே நிலையத்தை வைத்தால் மிச்சம் மிகவும் சுருங்கிவிடும். அதனால் யாராவது டன் கணக்கு சொன்னால், எந்த மின்சாரத்துக்கு மாற்றாகக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். பேனல் செய்யச் செலவான ஆற்றலை அது வாழ்நாளில் திருப்பித் தருவதே இல்லை என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. அது பழைய கதை. இன்றைய பேனல் நல்ல வெயிலில் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் கடனைத் தீர்த்துவிடுகிறது. அதற்குப் பிறகும் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கிறது.

சரி, பெரிய பூங்காவுக்கு வருவோம். யூனிட் ஒன்றுக்கு ஆகும் செலவில் பெரியது ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. 1 மெகாவாட்டுக்கும் ஒரு மின்மாற்றி, ஒரு பாதுகாப்பு ரிலே பெட்டி, ஒரு மீட்டர், ஒரு காவலாள், ஒரு கட்டு அனுமதித் தாள்கள் வேண்டும். 200 மெகாவாட்டுக்கு இவை 200 மடங்கு ஆவதில்லை. ஆனால் அந்த ஒப்பீடு நிலையத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. பெரிய பூங்காவை நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் அமைப்பார்கள், அங்கே பெரும்பாலும் ஆள் நடமாட்டம் இருக்காது. அந்த மின்சாரத்தை மின்னழுத்தம் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவந்து, திரும்ப இறக்கி, ஊர் கம்பியில் விட வேண்டும். பூங்கா ஓரிரு ஆண்டில் எழும்பிவிடும், அதற்கான உயர் அழுத்தத் தடம் வர அதைவிடப் பல ஆண்டுகள் ஆவது உலகெங்கும் நடக்கிறது. உங்கள் ஊர் நிலையம் அப்படியில்லை. பக்கத்துத் துணை மின் நிலையத்திலோ, போகிற வழியிலேயே இருக்கும் விநியோகக் கம்பியிலோ சேர்ந்துகொள்ளும். வேலை தொடங்கி சில மாதங்களில் மின்சாரம் தந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பியில் போகும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. ஓட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு கால்வாசி ஆகிவிடும். தூரத்திலிருந்து உங்கள் ஊருக்கு 2 மெகாவாட் வந்துகொண்டிருந்த பகல் நேரத்தில், இங்கேயே 1 மெகாவாட் கிடைத்தால், அந்த நீளமான கம்பியில் இழப்பு கிட்டத்தட்ட கால்வாசிக்கு இறங்கும். கம்பியின் கடைசியில் மங்கலாக எரிந்த விளக்குகூட நிமிரும். இது சிறிய நிலையத்துக்கு மட்டுமே வாய்க்கும் பலன். ஆனால் நிபந்தனை இருக்கிறது. பகலில் ஊரின் தேவை 300 கிலோவாட் மட்டுமே என்றால், மிச்சம் 700 கிலோவாட் அதே கம்பியில் எதிர்த்திசையில் போகும். அதுவும் ஓட்டம்தான், அதற்கும் இழப்பு உண்டு. நிலையத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் இழப்பு முதலில் குறைந்து, ஒரு புள்ளியைத் தொட்டு, பிறகு ஏறத் தொடங்கும். "உள்ளூர் உற்பத்தி இழப்பைக் குறைக்கும்" என்று விளம்பரத்தாளில் போடும் வாக்கியம் அந்தப் புள்ளிவரைக்கும்தான் உண்மை.

நான் இதைப் பாடமாகக் கற்றது ஒரு ஞாயிற்றுக்கிழமையில். 800 கிலோவாட் நிலையம் ஒன்று, ஒரு நீண்ட ஃபீடரின், அதாவது துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் விநியோகக் கம்பியின், கடைசியில். வாரம் முழுவதும் ஒழுங்காக ஓடும், ஞாயிறு பகல் 11 மணிக்கு மேல் இன்வர்ட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். சிறிது நேரம் கழித்துத் தாமாகவே ஓடும், திரும்ப நிற்கும். இன்வர்ட்டர் பழுது என்று இரண்டை மாற்றியும் பார்த்தார்கள், பலனில்லை. நான் அங்கே போய் ஒரு வாரம் முழுக்க மின்னழுத்தத்தைப் பதிவுசெய்தேன். பக்கத்தில் ஒரு தொழிற்சாலை இருந்தது. ஞாயிறு அதற்கு விடுமுறை. வாங்கிக்கொள்ள ஆளில்லாத மின்சாரம் அந்த மெலிந்த கம்பி வழியாகத் திரும்பி ஓடியபோது, நிலையத்தின் முனையில் மின்னழுத்தம் அனுமதித்த எல்லையைத் தாண்டியது. இன்வர்ட்டர்கள் தங்களுக்கு விதிக்கப்பட்டபடி விலகிக்கொண்டன. அவற்றில் எந்தக் கோளாறும் இல்லை. மின்மாற்றியின் டேப்பை, அதாவது அதன் மின்னழுத்தத்தைச் சற்று ஏற்றி இறக்கும் இணைப்பை, ஒரு படி மாற்றினோம். மின்னழுத்தம் ஏறும்போது ரியாக்டிவ் பவரை (வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் போய்வரும் மின்திறன்) இழுத்துக்கொண்டு அழுத்தத்தை இறக்கும்படி இன்வர்ட்டர் அமைப்பைத் திருத்தினோம். பெரும்பாலான நிறுத்தங்கள் போயின. வடிவமைக்கும்போது அந்த ஃபீடரின் ஞாயிறு மதிய லோடு (மின் தேவை) எவ்வளவு என்று ஒருவர் கேட்டிருந்தால் இந்தச் சிக்கல் எதுவும் வந்திருக்காது. அந்தக் கேள்வியை அன்றிலிருந்து நான் விட்டதில்லை.

சிறிய நிலையம் ஒன்றே ஒன்று என்றால், நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்வலையான கிரிட்டுக்கு அது தூசு. பல லட்சம் என்றால் அது வேறு. ஜெர்மனியில் இது நடந்தது. நொடிக்கு 50 அலை (50 ஹெர்ட்ஸ்) என்று இருக்க வேண்டிய கிரிட்டின் அலைவெண் 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சிறிய சோலார் அமைப்புகள் உடனே விலகிவிட வேண்டும் என்று முன்பு விதி வைத்திருந்தார்கள். சில ஆயிரம் அமைப்புகள் இருந்த காலத்தில் அது நல்ல விதி. 2010ஐ ஒட்டி எண்ணிக்கை எங்கோ உயர்ந்துவிட்டது. அலைவெண் அந்தக் கோட்டைத் தொட்டால் எல்லாம் ஒரே நொடியில் விலகும் நிலை. ஐரோப்பிய நிலப்பரப்பின் கிரிட் திடீர் இழப்புக்கென்று கையில் வைத்திருந்த உடனடி இருப்பு 3,000 மெகாவாட். விலகக்கூடிய சோலாரோ அதைவிட மிக அதிகம். 2012இல் தனி விதி போட்டு, லட்சக்கணக்கான அமைப்புகளில் இன்வர்ட்டர்களைத் திருத்தினார்கள். அதனால்தான் இன்று நல்ல விதிமுறைகள், அலைவெண் ஏறினால் சட்டென்று விலகாமல் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கின்றன. சிறிய கோளாறுகளின்போது விலகாமல் தாங்கி நிற்கச் சொல்கின்றன. புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் சிறிய நிலையங்களின் பங்கு என்ன என்று கேட்டால், யூனிட் தருவதோடு கிரிட்டைத் தாங்குவதும் இப்போது அவற்றின் வேலை ஆகிவிட்டது என்பேன்.

உங்கள் ஊரில் யாராவது "இனி கரண்ட் போகாது" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். கிரிட்டோடு இணைந்த சாதாரண சோலார் நிலையம், கிரிட் போனால் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும் சரி. காரணம் எளிது. கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் பழுது பார்ப்பவர் கம்பத்தில் ஏறுகிறார். அந்த நேரத்தில் இந்த நிலையம் கம்பிக்குள் மின்சாரம் விட்டால் உயிர் போகும். அதோடு, இந்த வகை இன்வர்ட்டர் கிரிட்டின் அலையைப் பார்த்து அதன் பின்னால் போகக்கூடியது, தானே அலையை உருவாக்காது. மின்வெட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரி வேண்டும், அலையைத் தானே உருவாக்கும் இன்வர்ட்டர் வேண்டும், ஊரை கிரிட்டிலிருந்து துண்டித்துவிடும் சுவிட்ச் வேண்டும். இவற்றைச் செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் அது வேறு திட்டம். உங்களுக்குச் சொல்லப்பட்ட 1 மெகாவாட்டில் அது அடங்கியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேகத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஒரு மேகம் கடந்தால் 1 மெகாவாட் நிலையத்தின் உற்பத்தி அரை நிமிடத்தில் கால்வாசிக்கு விழலாம். ஆனால் 50 கிலோமீட்டர் சுற்றளவில் இருபது சிறிய நிலையங்கள் சிதறிக் கிடந்தால், ஒரே மேகம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூடாது. கூட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கம் நன்றாகத் தணிந்திருக்கும். மாலை விஷயம் அப்படியில்லை. சூரியன் எல்லாருக்கும் சேர்ந்தே மறைகிறது. பகலில் சோலார் குவிந்து, மாலையில் சடாரென்று வற்றி, அதே நேரத்தில் வீட்டு விளக்கெல்லாம் எரியத் தொடங்கும் சிக்கலை, கலிஃபோர்னியாவின் கிரிட் நிர்வாகம் 2013இல் வரைந்து காட்டிய வரைபடம் உலகப் புகழ் பெற்றது. வாத்தின் முதுகும் கழுத்தும் போல இருக்கும் அந்தக் கோடு. அதற்குத் தீர்வு நிலையத்தின் அளவில் இல்லை. பேட்டரியில் இருக்கிறது, பகலுக்கு நகர்த்தக்கூடிய வேலைகளை நகர்த்துவதில் இருக்கிறது. தண்ணீர் இறைப்பது, குளிர்பதனக் கிடங்கைக் குளிர்விப்பது, வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது எல்லாம் பகலுக்கு வரக்கூடியவை. அந்த வேலைகளுக்குப் பக்கத்திலேயே இருப்பது சிறிய நிலையம்தான்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடம், பராமரிப்பு. ஒரு மெகாவாட்டில் ஏறக்குறைய 1,850 பேனல்கள் இருக்கும். 28 பேனல்களைத் தொடராகக் கோத்து ஒரு சரம் என்கிறோம். ஒரு சரம் சுமார் 15 கிலோவாட், மொத்தத்தில் 1.5 சதவீதம். ஒரு சரத்தின் ஃப்யூஸ் போய்விட்டால் மாத உற்பத்தி 1.5 சதவீதம் குறையும். ஆனால் மாதத்துக்கு மாதம் வெயிலே அதைவிட அதிகமாக மாறுகிறதே! அதனால் மொத்த யூனிட்டை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மூன்று சரங்கள் 14 மாதமாகச் செத்துக் கிடந்த நிலையம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பெரிய பூங்காவில் இதைக் கவனிக்கவே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிறிய நிலையத்தில் காவலாள் ஒருவர்தான் இருப்பார், அவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சரத்தின் மின்னோட்டத்தையும் பக்கத்துச் சரத்தோடு ஒப்பிட்டாலே போதும், ஐந்து நிமிட வேலை. வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் வித்தியாசம் உடனே கண்ணில் படும்.

அப்புறம் கனெக்டர். பேனலையும் பேனலையும் இணைக்கும் அந்த விரல் நீளப் பிளாஸ்டிக் துண்டுதான் நான் பார்த்த தீ விபத்துகளில் பாதிக்கு மேல் காரணம். ஒரு கம்பெனியின் ஆண் முனையையும் வேறொரு கம்பெனியின் பெண் முனையையும் சேர்த்தால் சொடுக்கென்று பொருந்தும், பார்க்கவும் ஒன்று போலவே இருக்கும். உள்ளே தொடுபரப்பு சரியாக அமையாமல் ஆண்டுக்கணக்கில் சூடேறி ஒரு நாள் உருகும். வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு. பேனல் தருவது ஒரே திசையில் ஓடும் டிசி, அது பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. ஆயிரம் வோல்ட்டில் எழுந்த பொறி வெயில் இருக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஆண்டுக்கு ஒரு முறையாவது வெப்பக் கேமராவோடு நடந்து பார்க்கச் சொல்கிறேன். பேனலைக் கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாலையிலோ வெயில் சாய்ந்த பிறகோ கழுவ வேண்டும். நண்பகலில் சூடான கண்ணாடி மீது குளிர்ந்த நீரை அடித்தால் விரிசல் விடலாம். உப்பு நீரில் கழுவினால் படியும் வெள்ளைத் திட்டு, தூசியைவிட மோசம்.

நிலம் பற்றிச் சுருக்கமாக. 1 மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் ஆகும். கூரைகளிலோ தரிசிலோ அமைத்தால் பிரச்சினை இல்லை. விளைநிலம் என்றால், பேனலை உயர்த்தி இடைவெளி விட்டுப் பயிரும் செய்யலாம். 1980களின் தொடக்கத்திலேயே ஜெர்மன் இயற்பியலாளர்கள் கெட்ஸ்பெர்கரும் சாஸ்ட்ரோவும் முன்வைத்த யோசனை இது. நிழலைத் தாங்கும் பயிருக்குப் பொருந்துகிறது, எல்லாப் பயிருக்கும் இல்லை. உயரமான சட்டத்துக்கு இரும்புச் செலவும் கூடும். 25, 30 ஆண்டு கழித்துப் பேனலைக் கழற்றும்போது எடையில் பெரும்பகுதி கண்ணாடியும் அலுமினியமும்தான், அவற்றை மீட்கலாம். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது நல்லது.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. "நூறு பேருக்கு வேலை" என்பார்கள். கட்டும் சில மாதங்களுக்கு அது உண்மையாக இருக்கலாம், ஓடத் தொடங்கிய 1 மெகாவாட் நிலையத்துக்கு நிரந்தரமாக இரண்டு மூன்று பேருக்கு மேல் தேவைப்படுவதை நான் கண்டதில்லை. "துணை மின் நிலையத்தை விரிவாக்கும் செலவு மிச்சம்" என்பதும் ஊரைப் பொறுத்தது. ஊரின் உச்சத் தேவை பகல் 2 மணிக்கு வந்தால் மிச்சம் உண்டு. இரவு 8 மணிக்கு வந்தால், பேட்டரி இல்லாமல் ஒரு பைசாவும் மிச்சமாகாது, அந்த மின்மாற்றி எப்படியும் முழு லோடைத் தாங்கியாக வேண்டும்.

நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் வேண்டுமா வேண்டாமா என்றால், உங்கள் ஃபீடரில் பகல் லோடு இருந்தால் நான் வேண்டும் என்பேன். திட்டத்தைக் கொண்டுவருபவர்கள் கூட்டம் போட்டால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நிலையம் சேரப்போகும் ஃபீடரில் விடுமுறை நாள் மதியம் 12 மணிக்கு லோடு எவ்வளவு, அளந்த பதிவு இருக்கிறதா? ஒவ்வொரு சரத்தின் மின்னோட்டமும் பதிவாகுமா, அதைப் பார்க்கப்போவது யார்? இன்வர்ட்டர்களின் ஆயுள் 10 முதல் 15 ஆண்டுதான், பேனல் அதைவிட இரு மடங்கு உழைக்கும் என்பதால், நடுவில் அவற்றை மாற்ற வேண்டிவரும்போது அந்தப் பணம் எங்கிருந்து வரும்? முதல் கேள்விக்கு எண்ணாகப் பதில் வந்தால் அதை இங்கே எழுதுங்கள், 1 மெகாவாட் அந்தக் கம்பிக்குப் பொருந்துமா என்று சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.